துப்பாக்கிக் குழலில் ஓர் ஆண்டுக் கணக்கு

துப்பாக்கி என்னும் சொல் தமிழில் பிறந்ததன்று. துருக்கியர் வழங்கிய ‘துஃபெக்’ என்ற சொல்லே வழிநெடுக உருமாறி நம் நாவில் துப்பாக்கியாயிற்று. அறபிகள் அதே கருவிக்கு இட்ட பெயர் ‘புந்துகிய்யா’. இப்பெயரின் வேர் சுவையானது. ‘புந்துக்’ என்பது முதலில் ஒரு கொட்டையின் பெயர். பின்னர் அக்கொட்டையளவில் உருட்டிக் காயவைத்த களிமண் உருண்டைக்கும் அதுவே பெயராயிற்று. வெடிமருந்து வருமுன்பே அவ்வுருண்டையை வில்லில் வைத்தெய்து பறவை வீழ்த்தும் பழக்கம் இருந்தது. அப்பாஸிய கலீஃபா அந்-நாஸிர் லி-தீனில்லாஹ் (ஆட்சி 1180–1225) இவ்விளையாட்டில் பெருவிருப்புக் கொண்டவர்; அதற்கென ஒழுங்குமுறைகளையே வகுத்தவர். உருண்டை பட்டு இறந்த பறவை அறுக்கப்பட்டதாகுமா, அடிபட்டுச் செத்ததாகுமா என்று ஃபிக்ஹு நூலார் நுணுகி ஆராய்ந்திருப்பதும் ஓதியவர்கள் அறிந்ததே. ஆக, அறபு மொழியில் துப்பாக்கியின் பெயருக்குள்ளேயே பறவை வேட்டையின் நினைவு புதைந்து கிடக்கிறது.

நாம் இங்கு எடுத்துக்கொண்டதும் ஒரு பறவை வேட்டைத் துப்பாக்கியே. போரில் சிப்பாய் தூக்கிய துப்பாக்கியன்று. அரசன் வேட்டைக்கெனச் செய்வித்த, சிறு ரவைகளை இட்டுச் சுடும் துப்பாக்கி. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரிட்டிஷ் அரசாங்கம் அதன்மீது ஓர் ஆணை பிறப்பித்தது. இருபது லட்சம் பவுண்டு மதிப்புடைய அத்துப்பாக்கி பிரிட்டனை விட்டு வெளியேறலாகாது என்று தற்காலிகத் தடை விதித்து, அந்நாட்டு நிறுவனமோ செல்வரோ அதனை விலைகொடுத்து வாங்க வாய்ப்பளிப்பதே அவ்வாணையின் நோக்கம். அவ்வளவு மதிப்புடைய அப்பொருள் பிறந்த இடம் இங்கிலாந்தன்று. காவிரி இரண்டாகப் பிரிந்து தழுவும் ஸ்ரீரங்கப்பட்டணமே அது. செய்வித்தவர் திப்பு ஸுல்தான். செய்து தன் பெயரைப் பொறித்தவர் அஸத் கான் முஹம்மது. காலம் 1793–94.

அதன் நீளம் 138 சென்டிமீட்டர். கடின மரத்தாலான கட்டையில் வெள்ளி இழைத்திருக்கிறது. உளி வேலைப்பாடு கொண்ட எஃகுக் குழலில் பொன்னும் வெள்ளியும் பதித்திருக்கின்றன. துளையளவு பதினான்கு. இவ்வளவை விளங்கிக்கொள்வது எளிது. ஒரு ராத்தல் ஈயத்தைப் பதினான்கு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலினுள் சரியாகப் பொருந்துமோ அதுவே பதினான்கு அளவுக் குழல். இதனால் எண் பெரிதாகப் பெரிதாகத் துளை சிறிதாகும். நம் நாட்டில் உரிமம் பெற்றோர் வைத்திருக்கும் பன்னிரண்டு அளவுத் துப்பாக்கியினும் இது சற்றே ஒடுங்கியது; இருபது அளவினும் அகன்றது.

ஆனால் அதன் வியப்பு அளவில் இல்லை. ஒருமுறை மருந்து கெட்டித்துவிட்டு இருமுறை சுடலாம் என்பதில் இருக்கிறது. அக்காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கியை ஒவ்வொரு முறையும் வாய்வழியே மருந்திட்டு, ரவையிட்டு, கெசக்கோலால் இடித்துத்தான் சுட வேண்டும். அதற்குள் பறவை பறந்துவிடும். ஆகவே ஒரே குழலில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு முறைக்கான மருந்தையும் ரவையையும் அடுக்கி, முதலில் வாயண்டையிலுள்ளதையும் பின்னர் உள்ளேயுள்ளதையும் கொளுத்தும் உபாயத்தை நுண்தொழிலாளர் சிலர் கண்டனர். சொல்வதற்கு எளிது, செய்வதற்கு மிக அரிது. முன்னே எரியும் மருந்தின் தீ மயிரிழை இடைவெளியில் பின்னே நுழைந்தாலும் இரண்டும் ஒருங்கே வெடித்து, குழலோடு சுடுபவன் கையும் போய்விடும். அரசன் கையில் கொடுக்கும் துப்பாக்கியில் இத்துணிவு காட்டிய தொழிலாளி தன் கைத்திறனை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்!

அந்த ஆண்டையும் கவனிக்க வேண்டும். 1792 பிப்ரவரியில் கார்ன்வாலிஸ் பிரபுவின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டது. தொடர்ந்து வந்த உடன்படிக்கையால் ஸுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார்; மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம் செலுத்த ஒப்பினார்; அது தீரும்வரை பிணையாகத் தம் மைந்தர் அப்துல் காலிக், முயிஸ்ஸுத்தீன் இருவரையும் எதிரியிடம் ஒப்படைத்தார். இருவரும் பத்து வயதையொட்டிய சிறுவர். அவர்கள் சென்னையில் வைக்கப்பட்டு 1794இல்தான் தந்தையிடம் திரும்பினர். பிள்ளைகள் சென்னையில் பிணையாய் இருந்த நாட்களை உள்ளடக்கிய ஆண்டில்தான் இத்துப்பாக்கி உருவாயிற்று. நாடு பாதியாயிற்று, கருவூலம் வறண்டது, பட்டறையின் உலை மட்டும் அவியவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்திரதுர்க்கம், நகர் ஆகிய நான்கிடங்களில் ‘தாராமண்டல்’ என்ற பெயரில் தொழிற்கூடங்கள் இருந்தன. 1788இல் பிரான்ஸ் மன்னன் பதினாறாம் லூயியிடம் சென்ற தூதுக்குழு திரும்புகையில் அந்நாட்டுக் கைவினைஞரையும் அழைத்துவந்தது. எனினும் குழலில் காணும் கையொப்பம் பிரெஞ்சுக்காரனுடையதன்று. நம் நாட்டு முஸ்லிம் கைவினைஞர் ஒருவருடையதே. இதை வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசுவதில்லை என்பது நம் குறை.

இத்துப்பாக்கி பின்னர் கார்ன்வாலிஸ் பிரபுவுக்கு வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. இங்கேதான் குழலிலுள்ள ஆண்டு சாட்சி சொல்ல வருகிறது. அப்பிரபு ஸுல்தானோடு பொருதது 1790 முதல் 1792 வரை. 1793 அக்டோபரில் அவர் இந்தியாவை விட்டுக் கப்பலேறினார். எனவே 1793–94இல் ஆன இத்துப்பாக்கியை அவர் தாம் நடத்திய போரில் கைப்பற்றியிருக்க முடியாது. 1799 மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்து ஸுல்தான் ஷஹீதான பின், கொள்ளையாகக் கிளம்பிய பொருள்களோடு இதுவும் கடல் கடந்திருக்க வேண்டும் என்பதே பொருத்தமாகப் படுகிறது. அன்று அக்கோட்டையில் 929 பீரங்கிகள் எண்ணப்பட்டன. கைத்துப்பாக்கிகளும் நீள்துப்பாக்கிகளுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் கிடந்தன. அவற்றுள் சிறந்தவை விண்ட்சர் அரண்மனைக்கும் போவிஸ் கோட்டைக்கும் தளபதிகளின் இல்லங்களுக்கும் போயின. எஞ்சியவை எங்கெங்கு சிதறினவோ!

ஓர் ஆண்டெண்ணைக் கொண்டு இவ்வளவு சொல்ல முடிகிறது. ஆனால் ஸுல்தானின் ஆண்டெண்ணைப் படிப்பது அவ்வளவு எளிதன்று. அறபெழுத்து அறிந்தவரும் தடுமாறும் இடம் இது. ஆகவே சற்று நின்று விளக்குவோம்.

ஆட்சியின் தொடக்கத்தில் திப்பு ஸுல்தான் ஹிஜ்ரி ஆண்டையே வழங்கினார். 1197 முதல் 1200 வரையுள்ள ஹிஜ்ரி ஆண்டுகள் அவருடைய நாணயங்களில் உள்ளன. 1787 அளவில் அவர் புதிய கணக்கொன்றைப் புகுத்தினார். அதன் பெயர் மவ்லூதி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து எண்ணுவது. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாட்களே. மவ்லூதி ஆண்டோ அந்நாட்டு உழவர் வழங்கிய பஞ்சாங்கத்தை ஒட்டி நடந்தது. வரி பிரிக்கும் காலமும் விளைச்சல் காலமும் பிசகாதிருக்க இதுவே ஏற்றது. இதனால் மவ்லூதி ஆண்டோடு 572ஐக் கூட்டினால் கிறிஸ்தவ ஆண்டு கிடைத்துவிடும். 1221 என்றிருந்தால் 1793. 1225 என்றிருந்தால் 1797. இதையறியாதவர் 1221ஐ ஹிஜ்ரி எனக் கொண்டால் 1806 என்று வரும். ஸுல்தான் மறைந்து ஏழாண்டுக்குப் பின் அவருக்குத் துப்பாக்கி செய்த கதையாகிவிடும்!

இன்னொரு சிக்கலும் உண்டு. அறபு எழுத்து வலமிருந்து இடம் செல்லும்; ஆனால் எண்களில் ஆயிரத்தான் இடப்பக்கம்தான் நிற்கும். ஸுல்தான் இதையும் மாற்றினார். எழுத்து செல்லும் திசையிலேயே எண்ணும் செல்லட்டும் என்று ஆயிரத்தானத்தை வலக்கோடியில் வைத்தார். அவருடைய மவ்லூதி நாணயத்தில் 1225ஆம் ஆண்டைப் பழக்கப்படி படித்தால் 5221 என்றே தோன்றும். அப்படித் தோன்றினால் அது பொறித்தவன் பிழையன்று, ஸ்ரீரங்கப்பட்டணத்து முத்திரை. படைக்கலங்களின் ஆண்டைப் படிக்கும்போதும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். நாம் குறிப்பிட்ட 1221 மட்டும் எப்புறம் படித்தாலும் 1221தான், அது தற்செயல்.

மூன்றாவது நுட்பம் இன்னும் இனியது. தமிழர் பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது ஆண்டுகளுக்குப் பெயர் வைத்திருப்பது போல, ஸுல்தானும் அறுபதுக்கும் பெயர் வைத்தார். ஒவ்வொரு பெயரின் எழுத்துகளுக்கும் உரிய எண்களைக் கூட்டினால், அந்த ஆண்டு அறுபதில் எத்தனையாவது என்பது வரும். 786 என்ற எண்ணை எழுதும் நம் குடும்பங்களுக்கு இக்கணக்கு புதிதன்று. அது அபுஜத் கணக்கு. முதலில் அபுஜதையே பயன்படுத்திய ஸுல்தான், பின்னர் அதையும் விட்டு, ஓதப்பள்ளிக் குழந்தை பாடம் சொல்லும் வரிசையையே எடுத்துக்கொண்டார். அலிஃப் ஒன்று, பா இரண்டு, தா மூன்று, ஸா நான்கு, ஜீம் ஐந்து, ஹா ஆறு, கா ஏழு, தால் எட்டு, தால் ஒன்பது, ரா பத்து, ஸாய் இருபது, ஸீன் முப்பது, ஷீன் நாற்பது என்று செல்வது அது. இதற்கு அப்தஸ் என்று பெயர்.

1793–94ஆம் ஆண்டின் பெயர் ‘ஸாஹிர்’. ஸீன் 30, அலிஃப் 1, ஹா 6, ரா 10, கூட்டினால் 47. தமிழ் ஆண்டு வரிசையில் அதுவே நாற்பத்தேழாவதான பிரமாதீச! இரு கணக்கும் கைகோத்து நடப்பதைக் காண்கிறோம். அபுஜத் கணக்கில் கூட்டினாலோ 269 என்று வரும். அறுபதுக்குள் அடங்கவே அடங்காது. 1797–98இன் பெயர் ‘ஸாஸ்’: 30, 1, 20 சேர்ந்து 51, தமிழில் பிங்கள ஆண்டு. ஸாஹிர் என்பதற்குச் சூனியக்காரன் என்று பொருள். பொருளை நோக்கிய எவரும் ஆண்டுக்கு இப்பெயரை வைக்கமாட்டார்; கணக்கை நோக்கியே வைத்திருக்கிறார்கள் என்பது தெளிவு.

எண்ணும் பெயரும் மட்டுமன்றி வேறு அடையாளங்களும் உள. புலியின் உடல்வரி போன்ற வளைகோடுகள் அவற்றுள் முதன்மையானவை. கட்டையிலும் குழலிலும் வாளுறையிலும் ஆடையிலும் அவற்றை இழைத்தார்கள். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வி விழும் உறுப்புக்குத் தமிழில் குதிரை என்று பெயர். திப்புவின் துப்பாக்கிகளில் அக்குதிரை சில வேளை புலியாகியிருக்கும்! ‘அஸதுல்லாஹில் ஃகாலிப்’, அதாவது வெற்றி கொள்ளும் இறைவனின் சிங்கம் என்னும் தொடரை, கண்ணாடியில் தெரிவது போல் இருபுறமும் எதிரெதிராக வரைந்து புலிமுகமாக அமைத்த சித்திர எழுத்தும் உண்டு. அஸதுல்லாஹ் என்பது அலி (ரலி) அவர்களின் சிறப்புப் பெயர். ஹைதர் என்பதும் அவர்களுக்குரியதே. ஸுல்தானின் தந்தை பெயரோ ஹைதர் அலி. ஒரே தொடரில் இறையருளும் குலப்பெருமையும் ஒருங்கே பொருந்தியதை எண்ணிப் பாருங்கள். ஹைதரின் முதலெழுத்தான ‘ஹா’வைத் தனியே பொறிப்பதும், ஹா, யா, தால், ரா என்ற நான்கெழுத்தையும் நான்கு அறைகளில் பிரித்துப் பொறிப்பதும் உண்டு. எழுத்தறியாதவர் கண்ணுக்கு அவை வெறும் கீறல்களே.

வடஆற்காட்டுப் பகுதிகளில் சில இல்லங்களில் பழந்துப்பாக்கி ஒன்று சுவரிலோ பரணிலோ இருக்கும். கேட்டால் திப்பு ஸுல்தானுடையது என்பார்கள். ஸுல்தானின் குடும்பம் 1799க்குப் பின் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டதும், 1806 ஜூலை 10ஆம் நாள் எழுந்த சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டதும் உண்மை. ஆனால் காவலில் வைக்கப்பட்டவர்கள் துப்பாக்கியோடு வர விட்டிருப்பார்களா? அவ்வழி நம்பத்தக்கதாக இல்லை. வேறு வழி இருக்கக்கூடும். கோட்டை வீழ்ந்தபோது கம்பெனிப் படையில் சென்னை மாகாணச் சிப்பாய்கள் பலர் இருந்தனர். கொள்ளைப் பொருள் ஏலத்திலும் சந்தையிலும் விலைபோயிற்று. அப்படி ஒன்று கைமாறி இங்கு வந்திருத்தல் இயலும். இயலும் என்பதால் வந்தது என்றாகிவிடாது. துப்பாக்கியே சொல்ல வேண்டும்.

அதைக் கேட்கும் முறை இது. விசையின் மேலுள்ள தகட்டில் கிரீடமும் அதன்கீழ் ‘ஜி. ஆர்.’ என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால் அது பிரிட்டிஷ் ஜார்ஜ் மன்னர் காலத்துப் படைத்துப்பாக்கி. நான்காய்ப் பகுத்த இதய வடிவமும் அறைக்கோர் எழுத்துமாக இருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. 1808 முதல் அவ்விடத்தில் பின்கால் ஊன்றி எழுந்த சிங்கத்தைப் பொறித்தார்கள். அச்சிங்கத்தைத் திப்புவின் புலி என்று நினைத்து மகிழ்ந்தவர்கள் உண்டு! நீள்வட்டத்துள் ‘இ. எல். ஜி.’ என்றிருந்தால் பெல்ஜியத்து லியேஜ் நகரில் சோதித்தது. ரவைத் துப்பாக்கியின் குழலில் ‘குண்டுக்கு அன்று’ எனப் பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்கள் வெட்டப்பட்டிருந்தால், அது 1875க்கும் 1887க்கும் இடையே பர்மிங்ஹாமிலோ லண்டனிலோ சோதனை கண்டது. குழல் முழுதும் நீரலை போல் வரியோடியிருக்குமானால் அதை டமாஸ்கஸ் குழல் என்பர். அப்பெயரைக் கேட்டு திமிஷ்கில் செய்தது என்று எண்ணிவிடக்கூடாது. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி, ஒரு கம்பியின்மேல் சுற்றிப் பற்றவைத்த ஐரோப்பிய வேலை அது. தென்னிந்திய உருக்கிலிருந்து திமிஷ்கு வாளுக்கு வந்த அலைவரி வேறு, இது வேறு.

அறபு, பாரசீக எழுத்து தென்பட்டாலோ முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: கைவைக்காதிருத்தல். நம் வீடுகளில் பித்தளை அண்டாவுக்குச் செய்வதுபோல் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கும் வழக்கம் பெரும் பகை. இருநூறாண்டுக் காற்று படிந்து கறுத்த மேற்பரப்பு போவதோடு, மயிரிழை ஆழமே உள்ள பொன்னிழையும் பெயர்ந்துவிடும். உப்புத்தாளும் அப்படியே. மென்துணியால் தூசி துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட்டால் போதும். எழுத்தின்மேல் மெல்லிய வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து தாளில் இறங்கிவிடும். அதை எடுத்துச் சென்று கற்றவரிடம் காட்டலாம். துப்பாக்கி வீட்டிலேயே இருக்கும். படி எடுக்கையில் குழலின் வாய் எப்பக்கம் என்பதையும் தாளில் குறித்துக்கொள்க. அறபு ஏழும் எட்டும் ஒன்றையொன்று கவிழ்த்து வைத்த வடிவங்கள். தலைகீழாகப் பிடித்தால் நூற்றாண்டே மாறிவிடும். அறபு ஐந்து வட்டமாயிருப்பதால் அதைச் சுழியம் என்று படிக்கும் தவறும் அடிக்கடி நேர்கிறது. அவர்களது சுழியம் ஒரு புள்ளியே.

போலிகளும் உண்டு. திப்புவின் பெயருக்கு விலை ஏறியபின் சாதாரணத் துப்பாக்கியில் புலிவரி இழைத்து விற்பவர்கள் இல்லாமலில்லை. வரியைப் போடுவது எளிது; ஆண்டெண், ஆண்டுப்பெயர், எழுத்தின் போக்கு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணங்கச் செய்வது கடினம். அப்தஸ் கணக்கு தெரியாத போலிக்காரன் அங்கேதான் அகப்படுவான். எனினும் இவையெல்லாம் பொருந்தினாலும் அது முதற்படியே. இரும்பின் வேலைப்பாட்டை அறிந்தவர் கண்ணும் வேண்டும்.

மதிப்பைப் பற்றி எல்லோரும் கேட்பது: எவ்வளவு பெறும்? 2015 ஏப்ரலில் லண்டனில் திப்புவின் படைக்கலத் தொகுப்பொன்று ஏலம் போனபோது மொத்தம் அறுபது லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. 2019 மார்ச்சில், இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தார் பரணில் கிடந்த இருபது அளவுத் துப்பாக்கி ஒன்று துப்பாக்கிமுனை ஈட்டியோடு அறுபதாயிரம் பவுண்டுக்குப் போயிற்று. அது போர்க்களத்தில் அடிபட்ட தழும்போடு இருந்தது. கம்பெனிப் படையின் மேஜர் ஒருவர் வழியே அக்குடும்பத்துக்கு வந்தது என்ற தொடர்பும் தெளிவாயிருந்தது. 2023 மே மாதத்தில் ஸுல்தானின் படுக்கையறை வாள் ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுண்டுக்கு விற்றது. இத்தொகைகளைக் கேட்டு மயங்கலாகாது. ஒரே பட்டறையில் பிறந்த இரு துப்பாக்கிகளுள் ஒன்றுக்கு அறுபதாயிரம், மற்றொன்றுக்கு இருபது லட்சம் என்ற வேற்றுமை எங்கிருந்து வந்தது? கைவினையின் அருமை, செய்தவர் பெயர், ஆண்டு, உறுப்புகள் மாற்றப்படாமல் இருத்தல், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சான்று ஆகியவற்றிலிருந்தே வந்தது. சக்கிமுக்கிப் பொறியைக் கழற்றிவிட்டுத் தொப்பி வைத்துச் சுடும் பொறியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் பொருத்திக்கொண்டனர். அத்துப்பாக்கிகளின் மதிப்புக் குறைந்துவிடும். பாட்டனார் எழுதிவைத்த ஒரு துண்டுக் கடிதம் துப்பாக்கிக்குச் சமமான மதிப்புடையதாகலாம். அக்கடிதத்தைப் பழங்காகிதக்காரனுக்குப் போட்டுவிட்டுத் துப்பாக்கியை மட்டும் துலக்கிவைப்பதே பெரும்பாலும் நடக்கிறது.

அதைச் சுடலாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். கூடாது என்பதே விடை. காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். பழங்குழல் சுத்தியலால் அடித்து ஒட்டவைத்தது. உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பதை வெளியிலிருந்து காண முடியாது. அக்காலக் கருமருந்து வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்தது. இக்காலப் புகையற்ற மருந்தின் அழுத்தத்தைத் தாங்க அக்குழல்கள் எண்ணப்பட்டவையல்ல. இதனினும் பெரிய ஆபத்து வேறு. முற்காலத்தார் பலர் துப்பாக்கியைக் கெட்டித்தே வைப்பர். கருமருந்து ஈரமின்றி இருந்தால் நூறாண்டு கடந்தும் வீரியம் இழப்பதில்லை. எனவே எந்தப் பழந்துப்பாக்கியையும் கெட்டித்ததாகவே கருதி, குதிரையை இழுக்காமல், விசையைத் தொடாமல், வாயை மனிதர் இல்லாத பக்கம் நோக்கிவைக்க வேண்டும். வாய்க்கு நேரே முகமோ கையோ செல்லாதபடி பக்கவாட்டில் நின்று, மெல்லிய மரக்குச்சியைக் குழலில் இறக்கி, நின்ற அளவில் அடையாளமிட்டு, பின் அதே குச்சியை வெளிப்புறம் வைத்துப் பாருங்கள். தீ உட்செல்லும் சிறுதுளை வரை எட்டினால் குழல் வெற்றாயிருக்கலாம். நான்கைந்து விரல் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதைக் கம்பியால் குடையவும் கூடாது, சூடுகாட்டவும் கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதாளரிடமோ காவல் நிலையத்திலோ சொல்லி அவர்களையே வந்து பார்க்கச் செய்வதுதான் வழி.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், பழமைப் பொருளாக வைக்கப்பட்டு, பழுதுபார்த்தாலும் சுடவியலாத துப்பாக்கிகளுக்கு 45ஆம் பிரிவில் விலக்களிக்கிறது. சுடும் நிலையிலிருந்தால், எவ்வளவு பழையதாயினும், உரியவரைக் கலந்துகொள்ளாமல் இருக்கலாகாது. 2019இல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் உரிமத்தோடு வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. தந்தை வழி வந்ததும் அக்கணக்கில் சேரும். அத்திருத்தத்தை அறியாது பல குடும்பங்கள் பாட்டனார் துப்பாக்கியைப் பழைய உரிமத்தோடு அப்படியே வைத்திருக்கக்கூடும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வணிகமாக விற்பவருக்கும் உரிமம் தேவை. லண்டன் ஏல விலையைக் கேட்டுவிட்டு யாரேனும் தரகர் வந்து பெட்டியில் கட்டி அனுப்பித் தருகிறேன் என்றால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களிலும் ஆற்காட்டிலும் இத்தகைய துப்பாக்கியுள்ள குடும்பத்தார் பென்சில் படி ஒன்றை எடுத்துவைக்கட்டும். அதன் பின்புறத்தில் குழலின் நீளம், துளையின் அகலம், யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த ஆண்டில் என்பவற்றை வீட்டிலுள்ள மூத்தவர் சொல்ல இளையவர் எழுதட்டும். எண் 4221 போன்று ஆயிரத்தானம் மிகைப்பட்டுத் தோன்றினால் வலமிருந்து படித்து 572ஐக் கூட்டிப் பார்க்கட்டும். பக்கத்தில் சிறு சொல்லொன்று இருந்தால் அலிஃப் முதல் எண்ணிக் கூட்டட்டும். 1224க்கு வர வேண்டிய சொல் ‘ஹிராஸத்’. ஹா, ரா, அலிஃப், ஸீன், தா என்ற ஐந்தெழுத்தும் சேர்ந்து ஐம்பது ஆகும். அச்சொல்லுக்குக் காவல் என்று பொருள்.